தொப்பூர் இறக்கத்துக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

அண்ணா,

இன்று காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு கேபினெட்டை வெளியே தூக்கிப் போய் புளோயரால் ஊதினேன். பாலக்கோட்டுக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர். வாங்கிய நாளிலிருந்து யாரும் திறந்து பார்க்கவில்லை போலிருக்கிறது. சூட்டில் வெந்த தூசிக்கு ஒரு வாசனை உண்டு. காய்ந்த மண்ணைச் சட்டியில் போட்டு வறுத்த மாதிரி, கூடவே கொஞ்சம் பழைய பிளாஸ்டிக்கும் சேர்ந்த மாதிரி. அது மூக்கில் ஏறியதும் என் கை நின்றுவிட்டது. லாரி ரேடியேட்டரைக் கழுவும்போதும் இதே வாசனைதான் வரும் என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள்.

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது அண்ணியிடம் எதுவும் பேச வரவில்லை எனக்கு. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அதை உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் இன்று மதியம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் முதன்முதலில் என் கடைப் படியேறி வந்த நாள் நினைவிருக்கிறதா? கடை தொடங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கீழே செல்போன் கவர் விற்கிற கடை, மேலே என் கம்ப்யூட்டர் கடை. படியேறி வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். "அண்ணன் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். எந்த அண்ணன் என்று எனக்கும் தெரியாது. பாலிடெக்னிக் முடித்து, ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஏழு வருடம் போர்டுகளைப் பொருத்திக்கொண்டிருந்தவள் நான். அதையெல்லாம் படியில் நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும் சொல்ல முடியுமா? பலர் "அப்பறம் வர்றோம்" என்று இறங்கிவிடுவார்கள்.

நீங்கள் சுற்றிப் பார்க்கவில்லை. நேராக என்னிடம், "கம்ப்யூட்டர் பொட்டிய சேத்துப் பூட்டறது யாருங்க?" என்றீர்கள்.

"நான்தாங்க."

"அப்ப உங்ககிட்டயே கேக்கறேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். காக்கிச் சட்டை இல்லை, ஆனாலும் டிரைவர் என்று தெரிந்தது. இடது கையைவிட வலது கை அதிகமாகக் கறுத்திருந்தது. ஜன்னல் பக்கக் கை. வயது என்னைவிட ஐந்தாறு அதிகம் இருக்கலாம். வண்டி ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதாம், ஸ்டியரிங்கும் பெடலும் வைத்து ஓட்டுவார்களாம், அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றீர்கள்.

"பசங்களுக்குங்களா?" என்றேன்.

"எனக்குங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். இருபது வருடமாக லாரி ஓட்டுகிறீர்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய் வண்டியை மண்மேட்டில் மோதி நிறுத்தினீர்கள். கூட இருந்தது உங்கள் மச்சான், அண்ணியின் தம்பி, உங்களுடைய மாற்று டிரைவர். அவர் இரண்டு காலும் முறிந்து மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உங்களுக்கு உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்குகிறது. பஸ்ஸில்கூட முன் சீட்டில் உட்கார முடியவில்லை.

"ஓசூர்ல சொந்தக்காரங்க வூட்டுல அந்த வெளையாட்ட வச்சிருந்தாங்க. சும்மா பிடிச்சுப் பாரு மாமான்னாங்க. பிடிச்சேன். அதுலயும் கை நடுங்குச்சுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள். "அதுல நடுங்குதுன்னா, அதுலயே போக்கிக்கவும் முடியும்ல?"

டாக்டர் யாரும் சொல்லவில்லை, நீங்களாகக் கண்டுபிடித்தது. நான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது, அண்ணா. உங்களுக்கு என்ன தேவை என்பதைவிட, தர்மபுரியில் ஒரு பெண் பூட்டிய பெட்டி எப்படிப் பளபளக்கிறது என்று நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு அன்று பெரிதாக இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட். ஆறு விசிறிகள், ஆறிலும் கலர் கலராக லைட். முன்னால் மூன்று, மேலே இரண்டு, பின்னால் ஒன்று. கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் கிடைக்கவில்லை. திரையில் ஓடுகிற படத்தையெல்லாம் வரைவது அந்தக் கார்டுதான், அது இல்லாமல் உங்கள் ரோடு இல்லை. அந்தச் சமயம் ஊரெல்லாம் கார்டுக்குத் தட்டுப்பாடு. பெங்களூரில் தெரிந்த ஒரு ஆள் மூலமாக ஒன்று வாங்கினேன். பழசுதான், ஆறு மாதம் மட்டும் ஒரு பையன் விளையாடியது, புதுசு மாதிரியே இருக்கும் என்றார். இருந்தது. மேலே துடைத்துப் பளிச்சென்று இருந்தது. பழைய கார்டு என்று உங்களிடம் சொன்னேன், அது உண்மை. ஆனால் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

கடத்தூருக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டுக்கு நானே கொண்டுவந்து வைத்தேன். சிமெண்ட் ஷீட் போட்ட முன்னறை. டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், மூன்று பக்கமும் பலகை அடைத்த இடத்தில், அளவெடுத்தது மாதிரி பெட்டி உட்கார்ந்தது. லைட்டெல்லாம் எரிந்தபோது அண்ணி, "கோயில் தேர் மாதிரி இருக்குது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மலைப்பாதை ஒன்றை யாரோ நம் ஊர்ச் சாலை மாதிரியே செய்து இணையத்தில் போட்டிருந்தார்கள். வளைவு, தடுப்புச்சுவர், எதிரே ஏறி வருகிற டேங்கர், எல்லாம் இருந்தது. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். பங்குனி வெயில், மதியம் இரண்டு மணி. முதல் பத்து நிமிடம் சமவெளியில் நன்றாக ஓட்டினீர்கள். உங்கள் கை நடுங்குவதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். பிறகு இறக்கம் தொடங்கியது. முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில் நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பினீர்கள், படம் அப்படியே நின்றது. ஒரு நொடி. அவ்வளவுதான். திரும்பப் படம் ஓடியபோது வண்டி தடுப்புச்சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் போய்க்கொண்டிருந்தது.

நீங்கள் பிரேக் பெடலை மிதித்த மிதியில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் மோதியது. எழுந்தீர்கள். வெளியே போய் மாட்டுத் தொட்டிப் பக்கம் நின்றீர்கள். முதுகு மட்டும் தெரிந்தது. அண்ணி என்னிடம் குரலை உயர்த்தவில்லை. "தப்பா நெனைக்காதம்மா. இந்தப் பொட்டிய எடுத்துட்டுப் போயிரு. எட்டு மாசமா கொஞ்சம் கொஞ்சமா தேறி வந்தாரு" என்றார்.

பெட்டியை ஆட்டோவில் ஏற்றும்போது உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைக்கு வந்ததும் கார்டைக் கழற்றினேன். உள்ளே சிப்புக்கும் அதன் மேலிருக்கிற உலோகத்துக்கும் நடுவில், சூட்டைக் கடத்துவதற்காக ஒரு பசை தடவியிருப்பார்கள். அது சுண்ணாம்பு மாதிரி காய்ந்து உதிர்ந்தது. அதே வேலைக்காகப் பக்கத்தில் வைத்திருந்த ரப்பர் மெத்தைத் துண்டுகளிலிருந்து எண்ணெய் கசிந்து போர்டெல்லாம் ஒட்டியிருந்தது. கார்டின் இரண்டு விசிறிகளில் ஒன்று, விரலால் சுற்றினால் கரகரவென்று நின்றது. ஒரு பையன் ஆறு மாதம் விளையாடிய கார்டு இல்லை அது. எங்கேயோ ஒரு அறையில், வருடக்கணக்காக ஒரு நிமிடம்கூட நிறுத்தாமல், இணையத்தில் டிஜிட்டல் காசு உண்டாக்க ஓட விட்ட கார்டு. சூடு ஒரு அளவைத் தாண்டினால் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதுதான் படம் திக்கி நிற்கும். உங்கள் இரண்டாவது வளைவில் நடந்தது அதுதான்.

அந்தப் பெங்களூர் ஆளுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு அழுதேன். ஓசூருக்கே திரும்பிப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். ஒருவர் எவ்வளவு தயங்கித் தயங்கி ஒரு காரியத்துக்கு வந்தாரோ, அதையே நான் கெடுத்துவிட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு நீங்கள் படியேறி வந்தீர்கள். சட்டை முழுக்க வேர்வை. டவுன் பஸ்ஸில் வந்தேன் என்றீர்கள். "முன்னாடி சீட்டுதான் இருந்துச்சு. கண்ண மூடிக்கிட்டு வந்தேன்" என்றீர்கள்.

நான் கார்டை எடுத்து உங்கள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "என்னை ஏமாத்திட்டாங்கன்னு சொல்லலாம்ங்கண்ணா. ஆனா திறந்து பாக்காம உங்களுக்குக் குடுத்தது நான். தப்பு என்னுது. எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கறேன்."

நீங்கள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். காய்ந்த பசையை நகத்தால் சுரண்டிப் பார்த்தீர்கள். பிறகு கார்டைக் கீழே வைத்துவிட்டு, மேசைமேல் இருந்த கேபினெட்டைக் காட்டிக் கேட்டீர்கள். "இது போவட்டும். ரேடியேட்டருக்கு முன்னாடி யாராச்சும் கண்ணாடி போட்டு மூடுவாங்களா?"

நான் அந்த முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன்.

"பொட்டிய ஓட விடு. காத்து எங்க உள்ள வருது, எங்க வெளிய போவுதுன்னு பாக்கலாம்."

சாமி படத்துக்கு ஏற்றுகிற ஊதுபத்தியைக் கேட்டு வாங்கினீர்கள். கண்ணாடியின் ஓரத்தில் விரல்கூட நுழையாத இடுக்கில் பிடித்தீர்கள். புகை உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல அங்கேயே தயங்கி நின்றது. கொஞ்சம்தான் உள்ளே போனது. போன கொஞ்சமும் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகத் தெளிவாகத் தெரிந்தது. நேராக மேலே ஏறி, மேல் விசிறி வழியாக வெளியே போய்விட்டது. கார்டு இருக்க வேண்டிய இடத்துக்குப் புகை வரவே இல்லை. நாம் இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு வருடம் போர்டு பொருத்தியவள் நான். விசிறிகளை எண்ணிக்கைக்கு வாங்கினேனே தவிர, காற்று எந்த வழியாகப் போகும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

"ஆறு ஃபேனும் ஒன்னோட ஒன்னு சண்ட போடுது தங்கச்சி" என்றீர்கள். அதுவரை "ஏங்க" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அன்றைக்கு உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து போட்டோம். முன்பக்கம் வலை வைத்த கேபினெட், பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும். வலைக்குப் பின்னால் தூசி பிடிக்க ஒரு ஃபில்டர், மாதம் ஒருமுறை கழுவலாம். லைட்டு வைத்த மூன்று சின்ன விசிறிகளுக்குப் பதில், மெதுவாகச் சுற்றுகிற பெரிய விசிறி இரண்டு. "பெருசு மெதுவா சுத்துனா சத்தம் வராது, காத்தும் கொறையாது" என்று நான் சொன்னேன். ஃபில்டரைத் தாண்டி இழுக்க அதற்குத் தெம்பு இருக்குமா என்று நீங்கள் கேட்டீர்கள். சரியான கேள்வி. அதற்கென்றே இதழ் அகலமாக வருகிற விசிறியைத் தேடிப் பிடித்தேன். மேலே ஒன்றும் வேண்டாம், பின்னால் ஒன்று போதும். உள்ளே வருகிற காற்று வெளியே போவதைவிட அதிகமாக இருந்தால் இடுக்குகளில் தூசி ஏறாது என்று நான் விளக்கியபோது, நீங்கள் தலையாட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

கார்டு விஷயத்தில்தான் நமக்குள் வாக்குவாதம் வந்தது. சேலத்து மொத்தக் கடையில் புதுசாக இரண்டே கார்டு இருந்தது. ஒன்று பெரியது, மூன்று விசிறி வைத்தது, ஒரு முழங்கை நீளம். இன்னொன்று சின்னது, இரண்டு விசிறி. பெரியதைத்தான் போட வேண்டும் என்று நான் நின்றேன். செய்த தப்புக்கு ஈடாக நல்லதாக ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்ற வேகம் எனக்கு.

"பெருசுக்கும் சின்னதுக்கும் என்ன வித்தியாசம்?"

"பெருசுல மரத்தோட நெழல், தண்ணி தேங்கி நிக்கறது, எல்லாம் அச்சு அசலா தெரியும்ங்கண்ணா."

"சூடு?"

"பெருசு அதிகமா கரண்ட் இழுக்கும். சூடும் அதிகம்தான்."

"சித்திர மாசம், மதியம் மூணு மணிக்கு, எங்க வூட்டு ஷீட்டுக்குக் கீழ எது நிக்காம ஓடும்?"

"சின்னது."

"அப்பறம் என்ன? மரத்துக்கு நெழல் இல்லாட்டிப் போவுது. எனக்கு ரோடு நிக்கக் கூடாது."

சின்னதே வந்தது. முதல் நாளே உங்களிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை. இன்றைக்கும் ஒருவர் படியேறி வந்தால் நான் முதலில் கேட்பது அவர் எந்தக் கார்டு வேண்டும் என்கிறார் என்பதை அல்ல. எந்த அறையில் வைப்பீர்கள், மேலே ஷீட்டா கான்கிரீட்டா, மதியம் ஓடுமா, பக்கத்தில் சுவர் எவ்வளவு தூரம் என்றுதான் கேட்கிறேன். சிலர் ஜோசியம் பார்ப்பது போல இருக்கிறது என்று சிரிக்கிறார்கள்.

புதிய பெட்டியைப் பூட்டி முடித்த அன்று, வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் இங்கேயே சோதித்துவிடலாம் என்றேன். மதியம் சரியாக வெயில் உச்சியில் இருக்கிற நேரத்தில் அறையின் மின்விசிறியை அணைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். கார்டை முழு வேகத்தில் ஓட விட்டு, திரையின் மூலையில் அதன் வெப்பம் எண்ணாகத் தெரிகிற மாதிரி வைத்தேன். இரண்டு பேரும் வேர்த்து ஒழுக அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று ஏறியது. அப்போதுதான் நீங்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினீர்கள்.

"தங்கச்சி, அன்னிக்கி வண்டில பிரேக்கு ஃபெயிலு ஆவல."

நான் திரும்பினேன்.

"எல்லாருகிட்டயும் பிரேக்கு பிடிக்கலன்னுதான் சொன்னேன். வண்டி பழசு, ஓனரு பாக்கலன்னு சொன்னேன். நெசம் அது இல்ல. சேலத்துல சீக்கிரம் லோடு எறக்கணும்னு டாப் கியருலயே எறங்குனேன். மச்சான் சொன்னான், மாமா கியரக் கொறைங்கன்னு. எனக்குத் தெரியாததான்னேன். இருவது வருசம் அந்த ரோட்டுல ஓட்டுனவன். எறக்கம் பூரா பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா அது என்னத்துக்கு ஆவும்? சூடாயிப் போச்சு. புகை வந்துச்சு. அப்பறம் மிதிச்சா ஒன்னும் இல்ல." வேர்வையைத் துண்டால் துடைத்தீர்கள். வேர்வை மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. "நீ அந்தக் கார்ட என் முன்னாடி வச்சு தப்பு என்னுதுன்னு சொன்ன பாரு. என்னால இன்னும் மச்சான்கிட்ட அந்த ஒரு வார்த்த சொல்ல முடியல. எட்டு மாசம்."

செம்பில் இருந்த தண்ணீரை உங்கள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அதைக் குடித்துவிட்டு நீங்களே, "எழுவத்தொன்னு. அதுக்கு மேல போவல" என்றீர்கள். எழுபத்தொன்றிலேயே ஒரு மணி நேரம் நின்றது. ஜன்னலைத் திறந்தேன்.

பெட்டியைக் கொண்டுபோவதற்கு முன் இன்னொன்று செய்தேன். ஒரு நொடிக்கு அறுபது படத்துக்கு மேல் வரைய வேண்டாம் என்று கார்டுக்கு ஒரு வரம்பு போட்டேன். உங்கள் திரையில் அதற்கு மேல் வித்தியாசம் தெரியாது, கார்டுக்கு மட்டும் வேலை. "லாரிக்கு ஸ்பீடு பூட்டு வைக்கிற மாதிரிங்கண்ணா" என்றேன். அந்த வாரத்தில் முதல் முறையாக நீங்கள் சிரித்தீர்கள். வெப்பம் அறுபத்தாறுக்கு இறங்கியது.

இந்த முறை டிவி ஸ்டாண்டுக்குள் வைக்கவில்லை. தனி மேசை, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. அண்ணி கதவோரம் கையில் முறத்தோடு நின்றார், உள்ளே வரவில்லை. நீங்கள் இறக்கத்தின் உச்சியில் வண்டியை நிறுத்தி, கியரைக் குறைத்து, மெதுவாக விட்டீர்கள். கை நடுங்கியது. நன்றாகவே நடுங்கியது. இரண்டாவது வளைவு வந்தது. ரோடு ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது, நான்காவது. எதிரே டேங்கர் வந்தது, ஒதுங்கினீர்கள். அடிவாரத்தில் சமதளம் வந்ததும் வண்டியை ஓரம் கட்டி, இல்லாத ஹேண்ட் பிரேக்குக்காகக் கையைப் பக்கவாட்டில் இழுத்தீர்கள். அண்ணி அங்கேயே முறத்தை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நிக்கல" என்றீர்கள். பெட்டியைச் சொன்னீர்களா, உங்களைச் சொன்னீர்களா என்று நான் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பி மேலே ஏறினீர்கள். மறுபடி இறங்கினீர்கள்.

அந்த வாரமே நீங்கள் மச்சான் வீட்டுக்குப் போனதை அவரே பிறகு ஒருநாள் எனக்குச் சொன்னார். அவர் எழுந்து நடக்கப் பழகிக்கொண்டிருந்த சமயம். நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும் மாமா, நான் பக்கத்துலதான இருந்தேன். நீங்க எப்ப சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாராம். இரண்டு மாதம் அவர் உங்களோடு பேசவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊன்றுகோலோடு உங்கள் வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் முன்னால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "கியரக் கொறைங்க மாமா" என்றாராம்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. பின்னால் லாரிகளின் ஹாரன் சத்தம். "தங்கச்சி, தொப்பூர் எறங்கிட்டேன். நெசமான தொப்பூரு. மாரண்டஹள்ளி தக்காளி லோடு. பக்கத்துல உங்க அண்ணிதான் உக்காந்திருக்கா. சாமி கும்புட்டுக்கிட்டே வந்தா. இப்ப இட்லி சாப்புடப் போறோம்." நான் கையில் ஸ்குரூ டிரைவரோடு கடைக்கு நடுவில் நின்றுகொண்டு, "சரிங்கண்ணா, சரிங்கண்ணா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் நீங்கள் வண்டி ஓட்டினீர்கள். லாரி ஸ்டாண்டில் யாருடைய வீட்டுப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமென்றாலும் என் கடைக்கு அனுப்பினீர்கள். "அண்ணன் இல்லீங்களா" என்று கேட்பவர்கள் எப்போது நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் கவனித்தேன், யாரும் கேட்பதில்லை. போன ஆவணியில், லோடு இல்லாத ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று மச்சான்தான் போன் செய்தார். வலி தெரியாமல் போனீர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை, இருந்தாலும் கேட்டுக்கொண்டேன்.

சித்திரையில் அண்ணி கடைக்கு வந்தார். ஃபில்டரை எப்படிக் கழற்றிக் கழுவுவது என்று கேட்க வந்தார். நீங்கள் மாதாமாதம் செய்ததை அவர் பார்த்திருக்கிறார், செய்ததில்லை. சொல்லிக் கொடுத்தேன். கிளம்பும்போது படியில் நின்று, "ஒன்னு சொல்லவே இல்லையேம்மா உங்கிட்ட" என்றார். "நீ அழுத மொகத்தோட பொட்டிய ஏத்திக்கிட்டுப் போனல்ல, அடுத்த நாள் அவரு கெளம்புனாரு. எங்கன்னு கேட்டேன். பொட்டி வேணாம், காசு வேணாம். அந்தப் புள்ள மொகம் சரியில்ல, கடைய மூடிருவா, நான் போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வர்றேன்னாரு. எட்டு மாசமா பஸ்ஸுன்னாலே பயந்த மனுசன்."

அண்ணா, நான் இத்தனை நாளும் நீங்கள் உங்கள் ரோட்டுக்காகத்தான் அன்று பஸ் ஏறி வந்தீர்கள் என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தையை நீங்கள் கடைசிவரை சொல்லவே இல்லை. ரேடியேட்டரைப் பற்றிக் கேட்டீர்கள், ஊதுபத்தி கேட்டீர்கள், எனக்கு வேலை கொடுத்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து அவ்வளவு தூரம் வந்தது எனக்காக என்று தெரிந்திருந்தால் ஒருமுறையாவது நேரில் நன்றி சொல்லியிருப்பேன். இப்போது எழுதி வைக்கிறேன். நன்றி, அண்ணா.

இப்போது கடையில் என்னோடு இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். போன வாரம் அரூரிலிருந்து ஒருவர் கோபமாகப் படியேறி வந்தார். மகனுக்கு நாங்கள் பூட்டிக் கொடுத்த பெட்டி இரண்டே வாரத்தில் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. அந்தப் பெண்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பெட்டியை உள்ளறைக்கு எடுத்துப் போகாமல், அவர் முன்னாலேயே மேசையில் வைத்துத் திறந்தேன். ஒரு வயர் கட்டு அவிழ்ந்து விசிறியின் இதழில் சிக்கியிருந்தது. அவரைக் கிட்டே கூப்பிட்டு, விரலால் தொட்டுக் காட்டினேன். "இதக் கட்டாம விட்டது நான்தாங்க."

அவர் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். கையில் இருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்து, "ஒரு நாலு டீ சொல்லட்டுங்களா?" என்றார்.